எள்: காய் எண்ணிக்கையை வைத்துத் தேர்வு செய்தால் மகசூல் ஏறுமா?

எள்வயல்:
40 எள் வகைகளை ஆர்.பி.டி. அமைப்பில் (வயலைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எல்லா வகைகளையும் குலுக்கல் முறையில் விதைப்பது) 3 ரெப்ளிகேஷன், அதாவது மூன்று தொகுதிகள் வைத்து, இந்த மாசிப் பட்டத்தில் இறவையில் பார்த்தோம். செடிக்குக் காய் சராசரி 60. மாறுபாட்டுப் பகுப்பாய்வில் வகைகளின் எம்.எஸ். (சராசரி வர்க்கம்) 420, பிழை எம்.எஸ். 60. இதை நம்பித் தேர்வுக்குப் போகலாமா?

கணக்கு_தம்பி:
போகலாம். (420−60)÷3 = 120, இது மரபு மாறுபாடு. பிழை 60 சேர்த்தால் 180, இது வெளியே தெரியும் மொத்த மாறுபாடு. இவற்றின் வர்க்கமூலங்கள் சராசரியில் எத்தனை சதவீதம் என்றால், மரபுக்கு (ஜி.சி.வி.) 18.3%, மொத்தத்துக்கு (பி.சி.வி.) 22.4%. ஹெரிட்டபிலிட்டி, அதாவது மொத்தத்தில் மரபின் பங்கு, 67%. மேல் 5% வகைகளை எடுத்தால் ஜெனடிக் அட்வான்ஸ் (தேர்வால் கிடைக்கும் முன்னேற்றம்) 2.06 × 0.667 × 13.4 = சுமார் 18 காய் (2.06 என்பது 5% தேர்வுக்கான மாறிலி, 13.4 என்பது 180இன் வர்க்கமூலம்); சராசரியில் 31%. 20%க்கு மேல் போனாலே உயர்வுதான்.

ஆனால் ஒரே பட்டம், ஒரே இடம். வகைக்கும் பருவத்துக்கும் உள்ள இடைவினை முழுக்க அந்த 120க்குள்தான் கலந்து கிடக்கிறது, அதனால் 67 என்பது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் எண். ஆடிப் பட்டத்து மானாவாரியிலும் அதே 40ஐ விதைத்து, இரண்டையும் சேர்த்துப் பகுத்த பிறகு முடிவெடுங்கள்.

கரிசல்காடு:
களத்தைச் சொல்கிறேன். எள் இடம் கிடைத்தால் கிளை விட்டு நிரப்பிவிடும். பக்கத்துச் செடி செத்த இடத்தில் நிற்பது 100 காய் காட்டும், அதில் மரபு எதுவுமில்லை. 15ஆம் நாள் செடிக்குச் செடி 15 செ.மீ.யும், 30ஆம் நாள் 30 செ.மீ.யும் இருக்கும்படி கூடுதல் செடிகளைப் பிடுங்கிக் கண்டிப்பாகக் கலைத்து விடுங்கள். ஓர வரிசையையும் இடைவெளி ஓரச் செடிகளையும் எண்ணவே கூடாது. பூக்கள் இலைபோல மாறிவிடும் பூவிலை நோய் வந்த செடியில் காயே பிடிக்காது. அதைக் கணக்கில் சேர்த்தால் பிழை எகிறும். இந்த நோயைத் தத்துப்பூச்சி பரப்புகிறது, முளைத்ததிலிருந்தே கவனியுங்கள். காயோடு ஆயிரம் விதை எடையையும் பாருங்கள், காய் கூடி விதை சிறுத்தால் லாபமில்லை.

மகரந்தம்:
அடுத்தது, தேர்ந்த வகைகளை ஒன்றோடொன்று கலப்பது. எள்ளில் மகரந்தத்தாள்கள் அல்லிவட்டத்தோடு ஒட்டியிருப்பதால் வேலை சுலபம்: மறுநாள் விரியும் மொட்டை மாலையில் பிடித்து அல்லியை மெல்ல உருவினால் மகரந்தப்பைகளும் கூடவே வந்துவிடும். சூலகமுடியைச் சிறு உறிஞ்சுகுழல் துண்டால் மூடி, மறுநாள் காலையில் ஆண் பூவின் மகரந்தத்தைத் தடவுங்கள். எஃப்2வில் (கலப்பின் இரண்டாம் தலைமுறை) ஹெரிட்டபிலிட்டியைப் பெரிதாக நம்பாதீர்கள், நிலைக்காத ஓங்குதன்மை விளைவும் (ஒரு மரபணு தன் இணையை மறைத்து வெளிப்படுவது) அதில் சேர்ந்திருக்கும். நான்காம் தலைமுறையான எஃப்4க்குப் பிறகு வேண்டாதவற்றைக் கடுமையாகக் கழித்துவிடுங்கள். தன்மகரந்தப் பயிர்தான் என்றாலும் தேனீ கலந்துவிடும். தேர்ந்த செடிகளில் பூக்குமுன் உறை போடாவிட்டால் அந்த வழித்தோன்றலின் தூய்மை கெடும்.