ஆறு மணி நேரக் கதைக்கு முழு விலையா?

நிலாமுற்றம்:
டைட்டன்ஃபால் 2ங்கிற ஷூட்டர் கேமோட கதையை நேத்து ராத்திரி முடிச்சேன். ஆறு மணி நேரம்தான் ஆச்சு. 2016 அக்டோபர்ல வந்தப்போ விலை 60 டாலர். நான் வாங்கினது தள்ளுபடியில. முழு விலை கொடுத்தவங்களுக்கு இது நியாயமே இல்லை. அதே காசுக்கு நூறு மணி நேரம் ஓடுற ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரத்தை வளர்த்துக்கிட்டே ஆடுற கேம், கிடைக்கும்.

ஒத்தைத்தோட்டா:
வந்த வாரமே முழு விலைக்கு வாங்கினவன் நான். இன்னிக்கு வரைக்கும் வருத்தமில்லை. 'எஃபெக்ட் அண்ட் காஸ்' லெவலை நினைச்சுப் பாருங்க. கையில இருக்கிற கருவியை அமுக்கினா, இடிஞ்சு கிடக்கிற ஆய்வுக்கூடம் பழைய நாளுக்குப் போயிடும். எதிரி சுத்தி வளைச்சா இன்னொரு காலத்துக்குத் தாவி, நாலடி நடந்து திரும்பி வந்தா அவன் முதுகுக்குப் பின்னால நிப்போம். சுவர்ல ஓடுறப்பவே காலத்தை மாத்தணும்! அந்தக் கருவியை அந்த ஒரு லெவலோட வாங்கி வெச்சுடுறாங்க. அதையே இருபது மணி நேரத்துக்கு இழுத்திருந்தா சலிச்சிருக்கும்.

நிலாமுற்றம்:
அருமையான லெவல், மறுக்கல. ஆனா ஒரு லெவலுக்காக 60 டாலரா?

ஒத்தைத்தோட்டா:
ஒண்ணுதானா? வீடுகளையே அசெம்பிளி லைன்ல கட்டுற தொழிற்சாலை லெவல்?

மழைக்காகிதம்:
ரெண்டு பேரும் மல்டிபிளேயரை, அதான் ஆன்லைன்ல மத்தவங்களோட மோதுற பகுதியை, விட்டுட்டீங்க. பின்னால வர்றதுக்குத் தனியா காசு வாங்குற சீசன் பாஸ் கிடையாது, அப்புறம் வந்த மேப் (மோதுற களம்) எல்லாம் இலவசம். ஆனா பேட்டில்ஃபீல்ட் 1ங்கிற போட்டி ஷூட்டர் வந்து ஒரு வாரத்துல இது, அடுத்த வாரம் இன்னொரு போட்டி ஷூட்டர் கால் ஆஃப் டூட்டி. அந்த நெரிசல்ல ஆள் சேரல. அதனாலயே நான் கதைக்குத்தான் காசு கொடுப்பேன். ஆன்லைன்ல மட்டும் ஆடுற கான்கார்ட் கேம் 40 டாலருக்கு 2024 ஆகஸ்ட் 23 வந்துச்சு, செப்டம்பர் 6 சர்வரை நிறுத்திட்டாங்க. காசு திரும்பக் கிடைச்சது, கேம் போயிடுச்சு. டைட்டன்ஃபால் 2 கதையை சர்வரை நம்பாம ஆடலாம்.

நிலாமுற்றம்:
அது சரியான வாதம். ஆனா வருஷத்துக்கு ரெண்டு கேம் மட்டும் வாங்க முடிஞ்சவன் நான். ஒண்ணு ஒரே வார இறுதியில தீர்ந்துட்டா மீதி மாசமெல்லாம் என்ன ஆடுறது?

ஒத்தைத்தோட்டா:
அந்த நிலைமையில நானும் தள்ளுபடிக்குக் காத்திருக்கத்தான் சொல்வேன். ஆனா தீர்ந்துடுச்சுன்னு சொல்லாதீங்க. ரொம்பக் கஷ்டமான மாஸ்டர் டிஃபிகல்டியில அந்தத் தொழிற்சாலையை மறுபடி ஆடிட்டு வாங்க, பேசுவோம்.