மூணு கொழு கலப்பை போட்டால் டிராக்டர் நகரவே மாட்டேன் என்கிறது, அவசரம்

வியாசை_தம்பி | காலை 6:50
வணக்கம். போன வாரம் மண்ணை வெட்டிப் புரட்டும் பழைய இறக்கைக் கலப்பை ஒன்று வாங்கினேன், மூணு கொழு (மண்ணை வெட்டும் இரும்பு). நிலத்தில் இறக்கினால் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்குகிறது. விற்றவர் இதே எச்.பி. வண்டியில்தான் ஓட்டினாராம். ஏமாந்துவிட்டேனா? டிரைவர் நிற்கிறார், சீக்கிரம் சொல்லுங்கள்.

ஆத்தங்கரை_ஆள் | 6:58
எத்தனை எச்.பி.? கொழு எத்தனை அங்குலம்? என்ன மண், எவ்வளவு ஈரம்? அதெல்லாம் இருக்கட்டும், வியாசர்பாடியில் எங்கே ஐயா ஏர் ஓட்டுகிறீர்கள், மேம்பாலத்துக்கு அடியிலா?

வியாசை_தம்பி | 7:05
வீடுதான் வியாசர்பாடி. நிலம் மீஞ்சூரைத் தாண்டி, மாமனாருடையது. 45 எச்.பி. சாதாரண மண்தான்.

ஓய்வு_போர்மேன் | 7:12
சாதாரண மண் என்று ஒரு மண் கிடையாது தம்பி. செம்பியம் டிராக்டர் ஆலையில் பல வருஷம் கை கறுத்தவன் சொல்கிறேன், இந்தக் கேள்வியை வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் கேட்கிறார், எல்லாரும் மண்ணை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை.

சட்டிக்கலப்பை_ரசிகன் | 7:20
அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ரெண்டு சட்டி வைத்த சட்டிக் கலப்பை வாங்குங்கள், கொழுவுக்குப் பதில் வட்டத் தட்டு இருக்குமே, அது. காய்ந்து இறுகின நிலத்திலும் ஒட்டுகிற களியிலும் இறக்கைக் கலப்பை திணறும், சட்டி உருண்டு போய்விடும்.

மாதவரம்_மெக்கானிக் | 7:31
கலப்பையை விடுங்க, கிளட்ச் போயிருக்கும். இல்லை என்றால் ஹைட்ராலிக்.

ஆத்தங்கரை_ஆள் | 7:34
மெக்கானிக் அண்ணே, சக்கரம் சுற்றுகிறது என்கிறார். கிளட்ச் போனால் சக்கரம் எப்படிச் சுற்றும்?

வியாசை_தம்பி | 7:40
மண் கறுப்பு. காலில் ஒட்டுது. மூணு நாள் முன்னால் மழை. கொழு 12 அங்குலம் என்கிறார் டிரைவர். ஆழம் ஒரு சாண் வைத்திருக்கிறார்.

ஓய்வு_போர்மேன் | 7:58
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம். கணக்கைப் பார். மூணு கொழு, 90 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம் என்றால் 1800 சதுர செ.மீ. மண்ணை வெட்டிப் புரட்டுகிறாய். மணல் கலந்த மண்ணில் ஒரு சதுர செ.மீ.க்கு 0.4 கிலோ இழுவை போதும்: 720 கிலோ. கனத்த களியில் 0.8 வரை போகும்: 1440 கிலோ. விற்றவர் எந்த ஊர்?

வியாசை_தம்பி | 8:02
செங்குன்றம் பக்கம். செம்மண்.

ஓய்வு_போர்மேன் | 8:10
அப்புறம் என்ன, அவர் பொய் சொல்லவில்லை. அவர் மண்ணில் ஓடியது, உன் மண்ணில் ஓடாது. மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் 1440 கிலோ இழுக்க 21 எச்.பி. சொச்சம்தான் வேண்டும். சக்கரத்தில் பாதி வீணானாலும் என்ஜின் சமாளிக்கும். எச்.பி. இருக்கிறது, பிடிப்பு இல்லை. வண்டி எடை ரெண்டு டன் இருக்குமா? ஈரக் களியில் அதன் பாதி எடைக்கு இழுத்தாலே பெரிய விஷயம்.

சட்டிக்கலப்பை_ரசிகன் | 8:14
நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை.

ஆத்தங்கரை_ஆள் | 8:19
அவர் இருக்கிற வண்டிக்குக் கேட்கிறார், நீங்கள் புது வண்டி வாங்கிக் கொடுக்கிறீர்கள்.
தம்பி, கடைசிக் கொழுவை போல்ட்டைக் கழற்றி எடுக்க முடிகிறதா பாருங்கள். ரெண்டு கொழு, 60 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழம் என்றால் உங்கள் களியிலும் 720 கிலோதான். செங்குன்றத்தில் ஓடின அதே கணக்கு.

பொன்னேரி_நெல் | 8:27
நெல் வயலா? என்றால் ஒரு சாண் ஆழம் எதற்கு? சேற்றுழவில் அடியில் இறுகிய தட்டுதான் தண்ணீரை நிறுத்துகிறது. அதை உடைத்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும்.

சட்டிக்கலப்பை_ரசிகன் | 8:33
அகல உழுவதை விட ஆழ உழு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பொன்னேரி_நெல் | 8:36
பெரியவர்கள் மாட்டு ஏரில் சொன்னது. அதில் ஆழ உழுதாலே அரைச் சாண். உங்களுக்கு நெல் வயலே கிடையாது என்று போன இழையில் நீங்களே சொன்னீர்கள்.

சட்டிக்கலப்பை_ரசிகன் | 8:38
அது வேறு விஷயம். கரும்புக்கு ஆழம் வேண்டாமா?

பொன்னேரி_நெல் | 8:39
இங்கே யார் கரும்பு கேட்டார்கள்?

ஓய்வு_போர்மேன் | 8:51
சண்டை போதும். தம்பி, ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கயிறு மாதிரி உருட்டு. பென்சிலை விட மெல்லிசாக உருள்கிறது என்றால் இன்னும் பதம் வரவில்லை, டிரைவரை அனுப்பிவிடு. ஈரக் களியைப் புரட்டினால் சால் பளபளவென்று வரும், காய்ந்தால் செங்கல். பழைய கலப்பை என்றால் கொழு முனை மழுங்கியிருக்கும், இறக்கையில் துரு இருக்கும். துருவில் மண் ஒட்டிக்கொண்டு புரளாது, தேய்த்துப் பளபளப்பாக்கு. மூணிலிருந்து ரெண்டாக்கினால் இழுவை மையம் நகரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கலப்பை பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் பக்கச் செயினைப் பார்த்துக்கொள். ஹைட்ராலிக்கில் இருக்கும் டிராஃப்ட் லீவரைத் தொட்டாரா டிரைவர்? அதைப் பயன்படுத்தினால் மண் இறுகும் இடத்தில் கலப்பை தானே கொஞ்சம் ஏறிக்கொள்ளும்.

மாதவரம்_மெக்கானிக் | 9:05
நான் சொன்ன ஹைட்ராலிக்கும் அதுதானே.

ஆத்தங்கரை_ஆள் | 9:40
தம்பி இருக்கிறாரா?

ஆத்தங்கரை_ஆள் | மறுநாள் காலை 8:10
கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வியாசை_தம்பி | நான்காம் நாள் இரவு 9:22
மன்னிக்கவும், போனில் சார்ஜ் இல்லை, அப்புறம் மறந்தேவிட்டேன். கயிறு உருண்டது, அதனால் மூணு நாள் விட்டோம். கடைசிக் கொழுவைக் கழற்றினோம். ஓடுகிறது. கழற்றின கொழுவை யாராவது எடுத்துக்கொள்வீர்களா?