புதுப்பிப்பு: கேவி1.2 ஆன்டிபாடி, எலி நரம்பில் இப்போது தெளிவாகத் தெரிகிறது

எலியின் சயாடிக் நரம்பில் (பின்னங்காலுக்குப் போகும் பெரிய நரம்பு) கேவி1.2 என்ற பொட்டாசியம் சேனலை (சவ்வு வழியே பொட்டாசியத்தைக் கடத்தும் புரதம்), அதைப் பிடித்துக்கொண்டு ஒளிர்ந்து காட்டும் ஆன்டிபாடியால் தேடினால் நார் முழுக்க மங்கலாக ஒளிர்கிறது, எது உண்மையான சிக்னல் என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, விடை கிடைத்துவிட்டது.

முக்கியக் காரணம் ஃபிக்சேஷன், அதாவது திசு கெடாமல் இருக்க வேதிப்பொருளில் பதப்படுத்துவது. நரம்பைப் பாராஃபார்மால்டிஹைடில் நெடுநேரம் வைத்தால் ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய இடம் மறைந்துபோகலாம், அதனால் நேரத்தை நன்றாகக் குறைத்து, நார்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தோம், கூடவே இடம் தெரிவதற்காகக் காஸ்பர் என்ற இன்னொரு புரதத்துக்கும் வேறு நிறத்தில் சாயம் கொடுத்தோம். நாரைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையில் விடுபட்ட சின்ன இடைவெளிதான் ரான்வியர் கணு; அதன் இரண்டு பக்கமும் காஸ்பர், அதைத் தாண்டி மயலின் உறைக்கு அடியில் கேவி1.2. அது இருக்க வேண்டிய இடமே அதுதான், பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்!

பெப்டைடு (ஆன்டிபாடியை உருவாக்கப் பயன்பட்ட சிறு புரதத் துண்டு) போட்டு ஆன்டிபாடியைத் தடுத்துப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் அது ஆன்டிபாடி அந்தப் பெப்டைடைப் பிடிக்கிறது என்பதை மட்டுமே காட்டும், திசுவில் வேறு எதையும் பிடிக்கவில்லை என்று காட்டாது. கேவி1.2 ஜீனை நீக்கிய எலியின் திசுவில் ஒளிராமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. கேவி1.2 இல்லாத சுண்டெலிகளோ மூன்றாவது வாரத்திலேயே இறந்துவிடுகின்றன, வளர்ந்த எலியின் நரம்பு கிடைக்காது. அதனால் கேவி1.2, அதைப் போன்ற சேனல்களான கேவி1.1, 1.4 மூன்றையும் தனித்தனியாக ஹெக் செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்கள்) உருவாக்கிச் சோதித்தோம், 1.2 மட்டும்தான் ஒளிர்ந்தது.

அப்புறம், ராயபுரத்தில் எங்களைப் போல கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் வேலை செய்பவர்கள் ஆன்டிபாடியை வந்த அன்றே சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து வையுங்கள், திரும்பத் திரும்ப உறைந்து உருகினால் அது வீணாகிவிடும். அடுத்து கேவி1.1.