சேனை பூத்த இரவு: உங்கள் அனுபவம் என்ன?

கொல்லைப்புறம்:
சேனைக்கிழங்கு பூத்தால் எப்படி நாறும் என்று இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சித்திரை மழை பெய்த மறுவாரம், எலி செத்துக் கிடக்கிறதென்று எண்ணிப் பரண் வரை தேடிவிட்டு, இரவில் டார்ச் விளக்குடன் கிணற்றடிக்குப் போனபோதுதான், இலையே இல்லாத வெறும் மண்ணில் கருஞ்சிவப்பாக அது விரிந்திருப்பதைக் கண்டேன். நடுவில் இருந்த மடிப்பு மடிப்பான கொண்டையைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. மாமியார் வற்புறுத்தியதால் அரிவாளால் சீவினேன். மடலின் அடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு வண்டுகள் தள்ளாடியபடி வெளியே வந்தன. அவைதாம் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

வைகைக்கரை:
எங்கள் பக்கம் அதற்குக் கருணை என்றுதான் பெயர், பிடிகருணை வேறு. வெதுவெதுப்பு என்பது பகல் வெயிலை வாங்கிய மண்ணின் சூடாகத்தான் இருக்க வேண்டும். என் அனுபவம் கிழங்கோடு மட்டுமே. மகளின் நிச்சயதார்த்தத்தன்று கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் கிழங்கை நறுக்கிவிட்டு, தட்டு மாற்றும் நேரத்தில் சொறிந்துகொண்டு நின்றேன். “உங்கள் அம்மாவுக்குப் படை உண்டா?” என்று சம்பந்தியம்மாள் என் மகளைத் தனியே விசாரித்தாராம்.

ஏர்முனை:
மண்ணின் சூடு அன்று, வைகைக்கரை அம்மா. சேமித்து வைத்த மாவுச்சத்தை எரித்துப் பூவே தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது. அந்தச் சூட்டில்தான் பிணவாடை தொலைவுக்குப் பரவி, அழுகலைத் தேடும் வண்டுகளை இழுக்கிறது. மடலுக்குள் கீழே இருக்கும் சிறு பெண் பூக்கள் முந்தித் தயாராகிவிடும். மேலே உள்ள ஆண் பூக்கள் பிறகே மகரந்தம் உதிர்க்கும். அதைப் பூசிக்கொண்டு வெளியேற வேண்டிய வண்டுகளைத்தான் கொல்லைப்புறம் அம்மையார் முன்கூட்டியே கிளப்பிவிட்டார்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். அரிப்புக்குக் காரணம் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். அவை நீரில் கரையாதவை, ஆகவே எத்தனை முறை கழுவினாலும் பயன் குறைவு. புளித்தண்ணீரிலோ மோரிலோ வேகவைப்பதே நம் வழக்கம். நடுவதாக இருந்தால் கஜேந்திரா இரகத்தைத் தேடுங்கள்; அது அவ்வளவாகக் காறாது. வெட்டி நடும்போது ஒவ்வொரு துண்டிலும் நடுமுளையின் பகுதி இருக்க வேண்டும். எட்டு ஒன்பது மாதத்தில் இலை மஞ்சளாகிச் சாய்ந்தால் தோண்டலாம். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும், கிணற்றடி அதற்கு ஏற்ற இடமே அன்று.

கொல்லைப்புறம்:
கிணற்றடியை நான் தேர்ந்தெடுக்கவில்லை. எப்போதோ எறிந்த தோல்துண்டு முளைத்தது. பூவை வெட்டினேனே தவிர, கிழங்கைத் தோண்டவில்லை. ஆனி மாதம் அதே இடத்தில் புள்ளி போட்ட தண்டு ஒன்று எழுந்து குடையாக விரிந்திருக்கிறது. பொங்கல் கூட்டுக்கு ஆகும் என்று மாமியாரே இப்போது அதற்குச் சாணம் போடுகிறார்.