இன்னும் மனசை உறுத்துற அந்த ஒரு தட்டு: காரைக்குடிப் பக்கத்துச் சேகரிப்பாளர்கள் சொல்லுங்க

தேவகோட்டை ரஸ்தாக்காரன்:

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல இருக்க பழைய சாமான் கடைகளைப் பத்தி இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் அங்க போறது தேக்குத் தூணுக்கோ எனாமல் தூக்குக்கோ இல்லை. ஏதாவது பெரிய வீட்டைக் காலி பண்ணும்போது வந்து விழுற கேசட்டுக்கும் சினிமாத் தட்டுக்கும்தான். போன ஆடியில ஒரு கடையில, கண்ணாடி உடைஞ்ச சாமி படங்களுக்குப் பின்னால ஒரு அட்டை உறை தெரிஞ்சுது. இசைத்தட்டு உறை மாதிரிச் சதுரமா இருந்துச்சு. உருவிப் பார்த்தேன். ஏழு சாமுராய், குரோசவாவோட படம். ஜப்பான்ல அச்சான லேசர் டிஸ்க், டிவிடிக்கு முந்தின காலத்துப் படத்தட்டு. ஓரத்துல சுத்தி வர்ற காகிதப் பட்டை, ஓபி, அதுகூடக் கிழியலை.

உள்ளே ஒரே ஒரு தட்டு. மூணாம் பக்கமும் நாலாம் பக்கமும்.

படம் 207 நிமிஷம். ஒரு பக்கம் 60 நிமிஷத்துக்கு மேல பிடிக்காது. அப்ப முதல் தட்டு எங்கே? கடைக்கார அண்ணன்கிட்ட கேட்டேன். "இருந்துச்சுப்பா. அதைக் கடியாரம் பண்ணிட்டோம். நடு ஓட்டையில மரத்தக்கை அடைச்சு மிஷினை மாட்டினா அம்சமா இருக்கு. போன மாசமே வித்துப்போச்சு" அப்படின்னாக. சொல்லிக்கிட்டே என் கையில இருந்ததை வாங்கி, பளபளக்குற பக்கத்துல கட்டைவிரலை அழுத்தி வெயில்ல திருப்பிக் காட்டினாக. "பாரு, வானவில் மாதிரி." அந்த ரேகையை வீட்டுக்கு வந்து பஞ்சுத் துணியால துடைச்சு எடுத்துட்டேன். ஆனா அந்த அழுத்தம் இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கு.

அவரைக் குத்தம் சொல்லலை. அவருக்கு அது ஒரு அடி அகலத்துல பளபளக்குற தட்டு, அவ்வளவுதான். என்கிட்ட பினாங்கு மாமா கொண்டுவந்த பிளேயர் இருக்கு, 100 வோல்ட், டிரான்ஸ்பார்மர் போட்டு ஓட்டுறேன். இதே படம் ப்ளூரேவிலும் இருக்கு, படம் அதுலதான் தெளிவா தெரியும். ஆனாலும் அன்னைக்கு ராத்திரி மூணாம் பக்கத்தைப் போட்டேன். நடுவுல இருந்து தொடங்குது. கிராமத்துக்காரங்க யாரு, எதுக்கு வேலி போடுறாங்க, ஒண்ணுமே தெரியாதவன் மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். முன்பாதி எங்கேயோ ஒரு சுவத்துல மணி காட்டிக்கிட்டிருக்கு.

உங்களுக்கும் இப்படி ஒண்ணு இருக்கும். எழுதுங்க.

கண்டனூர்ப் பேத்தி:

எங்க வீடு பதினோரு பங்கு. ஐயா காலமான பிறகு அவுக அறையைத் திறக்கவே எல்லாப் பங்காளிகளும் சம்மதிக்க ரெண்டு வருஷம் ஆச்சு. அதை விடுங்க.

பெட்டகத்துல வேட்டிக்கு அடியில சத்யஜித் ராயோட அபு மூன்று படங்களோட ப்ளூரேப் பெட்டி இருந்துச்சு. கிரைட்டீரியன்ங்கிற அமெரிக்கக் கம்பெனி 2015ல போட்டது. பிரிக்கவே இல்லை. மேல இருந்த நெகிழித்தாள்ல ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி ஐயா கையெழுத்து: "படைப்புக்கு எல்லாரும் வந்ததும்." படைப்புன்னா பங்காளிக எல்லாரும் கூடி முன்னோருக்குப் படைக்கிற நாள்.

அந்தப் படங்களோட மூல நெகட்டிவ் 1993ல லண்டன் லேப்ல தீப்பிடிச்சு வெந்துபோனதும், எரிஞ்சு சுருண்ட சுருள்ல மிஞ்சினதை இத்தாலியில போலோக்னாவுல மாசக்கணக்குல சீர்பண்ணி எடுத்ததும் எனக்குத் தெரியும், ஐயா சொல்லியிருக்காக. "வெந்ததுல இருந்து மீட்டிருக்கான் ஆத்தா" அப்படின்னு, ஏதோ நம்ம வீட்டுச் சாமானை மீட்ட மாதிரிச் சொல்வாக. பதேர் பாஞ்சாலியை 1960கள்ல மெட்ராஸ்ல ஒரு பிலிம் சொசைட்டியில ஒரே தரம் பார்த்தவுக. அதுக்கப்புறம் பார்க்கவே இல்லை. சிங்கப்பூர்ல இருக்க சித்தப்பாகிட்ட சொல்லி வாங்கியிருக்காக.

போன படைப்புக்கு எல்லாரும் வந்தோம். சாப்பாடு முடிஞ்சு இலை எடுத்ததும் வளவுல, அதாவது நடு முற்றத்துல, வெள்ளை வேட்டியைக் கட்டி புரொஜெக்டர் வச்சோம். நாப்பது பேர் இருப்போம். நான்தான் ஐயாவோட காகிதத்தை மட்டும் அலுங்காம எடுத்து வச்சுக்கிட்டு நெகிழித்தாளைக் கிழிச்சேன். தட்டைப் போட்டோம். திரையில ஒரு வரி வந்துச்சு: இந்தப் பிளேயரில் இந்தத் தட்டு ஓடாது.

நாப்பது பேர் அந்த ஒரு வரியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்பத்தா மட்டும், "படம் ஆரம்பிச்சுருச்சா?"ன்னு கேட்டாக.

பெட்டி பிரிக்காதவன்:

என் கதை சின்னது. ஒரு ஸ்டீல்புக், தகர உறையில வர்ற பதிப்பு, அந்த வடிவத்துல மறுபடி அச்சடிக்கவே இல்லை. கூரியர்ல வந்தப்ப மூலை நசுங்கி வந்துச்சு. பையன் கதவுக்கு வெளியே இருந்து தூக்கிப் போட்டதை நானே பார்த்தேன். தகரம் தரையில மோதின அந்தச் சத்தம். அவ்வளவுதான்.

ஆனா கண்டனூர்ச் சகோதரி எழுதினதைப் படிச்சதும் சொல்லாம இருக்க முடியலை. ஏன் பிரிச்சீங்க? பிரிக்காத பெட்டி, அதுலயும் அந்தக் காகிதம் அப்படியே ஒட்டின பெட்டி, உலகத்துலயே ஒண்ணுதான். படம் பார்க்கணும்னா இன்னொரு பிரதி வாங்கியிருக்கலாம். பதிப்பு வேற, படம் வேற. அட்டை, நூல், எண், உறை, எல்லாம் சேர்ந்ததுதான் பதிப்பு. ஒரு தடவை நெகிழித்தாள் போனா போனதுதான். ரஸ்தாக்காரர் கடிகாரத்துக்கு வருத்தப்படுறார். கடைக்காரர் அறியாமச் செஞ்சார். நாம தெரிஞ்சே செய்யலாமா? நான் வாங்கினதுல பாதியை இன்னும் பிரிக்கலை, அதை நினைச்சு ஒரு நாளும் வருந்தினதில்லை. கடைசி வரைக்கும் ஒருத்தராவது அதை முழுசா வச்சிருக்கணும். இது விலைக்காகச் சொல்றது இல்லை.

மானகிரி மெக்கானிக்:

பிரிக்கலாமா வேண்டாமான்னு நீங்க பேசுங்க. ஓடாமப் போனதுக்குக் காரணத்தைச் சொல்லிடுறேன்.

என் அனுபவமும் அதேதான். பிரிட்டனில் இருந்து ஒரு பழைய ஹாங்காங் வாள்சண்டைப் படம் வாங்கி, தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி போட்டு, கறுப்புத் திரையைப் பார்த்தேன்.

ப்ளூரேக்கு உலகத்தை மூணாப் பிரிச்சிருக்காங்க. அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ. ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி. இந்தியா, சீனா, ரஷ்யா சி. கிரைட்டீரியனோட அமெரிக்க ப்ளூரேக்கள் ஏ மண்டலத்துல மட்டும் ஓடுற மாதிரிப் பூட்டினது. சித்தப்பா வீட்டுப் பிளேயர்ல அது சிக்கல் இல்லாம ஓடியிருக்கும். கண்டனூர்ல ஓடாது. தட்டு மேல தப்பு இல்லை, உங்க மேலயும் இல்லை. டிவிடிக்கு வேற கணக்கு, அமெரிக்கா 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, நாம 5. பெட்டியோட பின்பக்கம் சின்னதா ஒரு எழுத்தோ எண்ணோ இருக்கும், வாங்குறதுக்கு முன்னால அதைப் பாருங்க. 4கே தட்டுகளுக்கு இந்தப் பூட்டு கிடையாது, ஆனா கூடவே வர்ற ப்ளூரேக்கு இருக்கலாம். எல்லா மண்டலமும் ஓடுற மாதிரி மாத்தின பிளேயர் ஒண்ணு வாங்கிட்டா இந்தத் தலைவலி தீரும்.

இன்னொண்ணு. பழைய பிரிட்டிஷ், ஐரோப்பிய டிவிடி வாங்குறவங்க ஓட்ட நேரத்தைப் பாருங்க. சினிமா நொடிக்கு 24 சட்டகம், அந்த ஊர் டிவியோட பால் (PAL) முறை 25. அதனால 100 நிமிஷப் படம் 96ல முடிஞ்சிரும். நேரம் போறது பெரிசில்லை. பாட்டோட சுருதி ஏறிடும். பழைய பாட்டுப் படங்களை அப்படிக் கேட்டா, காதுள்ளவங்களுக்கு அது வேற ஆளு பாடுற மாதிரி இருக்கும்.

பாதுகாப்பும் சொல்லிடுறேன், நம்ம ஊர் வீடுகளுக்குன்னே. மாடியில, ஓட்டுக்கு அடியில வைக்காதீங்க, சித்திரை வெயில் தட்டை வளைச்சிரும். மேற்குச் சுவரை ஒட்டியும் வேண்டாம். ரெண்டாம் கட்டு உள்ளறைதான் நல்லது, அந்தக் கனத்த சுவருக்குள்ள சூடு ஏறி இறங்காது. ஐப்பசி, கார்த்திகையில சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க. படுக்க வச்சு அடுக்காதீங்க, நிறுத்தி வைங்க. துடைக்கும்போது வட்டமாத் துடைக்கக் கூடாது, நடுவுல இருந்து ஓரத்துக்கு. தட்டு மேல பேனாவால எழுதாதீங்க. உள்ளே இருக்கிறது அலுமினியப் பூச்சு, காத்தும் ஈரமும் போனா அது துருப்பிடிக்கிற மாதிரிக் கெட்டுப்போகும். லேசர் டிஸ்க்ல ரெண்டு தகட்டைப் பசை வச்சு ஒட்டியிருப்பாங்க, பசை மோசமானா காத்து உள்ளே இறங்கும். ரஸ்தாக்காரரே, உங்க மூணாம் பக்கத்துல புள்ளிப் புள்ளியா மின்னுதா? மின்னினா சீக்கிரம் ஒரு நகல் எடுத்து வச்சுக்கோங்க. அது தானா நிக்காது.

பள்ளத்தூர்க்காரி:

நீங்கள்லாம் வெளிநாட்டுப் பெட்டிகளைச் சொல்றீங்க. எனக்கு உறுத்துறது ஒரு சாதாரண விசிடி.

நாம் இருவர். 1947. ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் இதே தேவகோட்டை ரஸ்தாவுல கொட்டகை போட்டு எடுத்த படம். சுதந்திரம் வர்றதுக்கு ஏழு மாசம் முன்னாலயே வெளிவந்து, டி. கே. பட்டம்மாள் குரல்ல பாரதியோட "ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே" பாட்டைக் கொட்டகை கொட்டகையா ஒலிக்க வச்ச படம். அதுக்கு ஒழுங்கா ஒரு தட்டு எங்க வீட்டுல இல்லை. யாரோ டேப்ல இருந்து ஏத்திக்கொடுத்த ரெண்டு விசிடிதான். முகமெல்லாம் கட்டம் கட்டமா உடையும்.

எங்க பெரிய ஆச்சிக்கு அந்தப் படம் வந்தப்போ பத்து வயசு. கடைசிக் காலத்துல கண்ணு மங்கிப்போச்சு, காது நல்லாக் கேட்கும். ஒரு மத்தியானம் பட்டாலையில உட்கார வச்சு அந்தப் பாட்டைப் போட்டேன். பாதியில தட்டு சிக்கிக்கிச்சு. ஆடிக்கிட்டிருந்த குமாரி கமலாவோட கை தூக்கின வாக்குல திரை அப்படியே நின்னுபோச்சு, குரல் கட்டாச்சு. நான் ஓடிப்போய்ப் பிளேயரைத் தட்டினேன். அதுக்குள்ள ஆச்சி விட்ட இடத்துல இருந்து பிடிச்சுப் பாடிட்டாக. மூச்சு வாங்கி வாங்கி, ஒரு சொல் தப்பாம, கடைசி அடி வரைக்கும்.

நான் அதைப் பதிவு பண்ணலை. போன் கையிலதான் இருந்துச்சு. தட்டை எடுத்துத் துடைக்கிறதுலயே குறியா இருந்துட்டேன்.

வங்காளப் படத்துக்கு வெந்த சுருளை மீட்கிறாங்க, ஜப்பான் படத்துக்கு பெட்டி, நூல், வரைபடம் எல்லாம் போடுறாங்க. நம்ம ஊர் மண்ணுல எடுத்த படத்துக்கு அப்படி ஒரு பெட்டி வந்தா நான் வளையலை வித்தாவது வாங்குவேன். உண்மையாத்தான் சொல்றேன். உள்ளே அந்தக் கொட்டகையோட படம் ஒண்ணு, பாட்டு எல்லாத்துக்கும் வரிகள், அப்ப வேலை பார்த்தவுக பேச்சு, அவ்வளவு போதும்.

பெட்டி பிரிக்காதவரே, உங்ககிட்ட சண்டை இல்லை. ஆனா கண்டனூர்ப் பொண்ணு செஞ்சதுதான் சரின்னு எனக்குப் படுது. பெரியவுக எழுதி வச்சது "பத்திரமா வை"ன்னு இல்லையே.

பெட்டி பிரிக்காதவன்:

அந்தக் காகிதத்தை நான் சரியா வாசிக்கலைன்னு ஒத்துக்கிறேன். ஆனா பெட்டிகளைப் பத்திச் சொன்னதுல மாத்தமில்லை. நாம் இருவருக்கு அப்படி ஒரு பதிப்பு வந்தா ரெண்டு வாங்குவேன். ஒண்ணைப் பிரிப்பேன்.

கண்டனூர்ப் பேத்தி:

மெக்கானிக் அண்ணே, ரொம்ப நன்றி. சித்தப்பாவே அடுத்த படைப்புக்கு வரும்போது அவுக பிளேயரைத் தூக்கிட்டு வர்றேன்னுட்டாக. காகிதத்தைப் பெட்டியோட உள்பக்கம் வச்சிருக்கேன். ஒட்டலை, சும்மா வச்சிருக்கேன். அப்பத்தாவுக்கு எண்பத்தாறு. வாரம் ஒரு தரம் கேக்குறாக, "அந்த வங்காளத்துப் படம் எப்ப?"

கோட்டையூரான்:

எனக்குச் சொல்ல அனுபவம் இல்லை, ஒரு தகவல்தான். ரஸ்தாக்காரரே, கானாடுகாத்தான்ல பழைய வீட்டைத் தங்கும் விடுதியா மாத்தின ஒரு இடத்துக்குப் போன மாசம் உறவுக்காரங்க கல்யாணத்துக்குப் போனேன். சாப்பாட்டுக்கூடத்துல, ஆத்தங்குடிக் கல் பதிச்ச தரைக்கு நேர் எதிரே, வெள்ளியா ஒரு பெரிய தட்டுக் கடிகாரம். நடுவுல மரத்தக்கை, அதைச் சுத்தி ஜப்பான் எழுத்து. உங்களோடதா இருக்குமா?

தேவகோட்டை ரஸ்தாக்காரன்:

மெக்கானிக் அண்ணே, புள்ளி எதுவும் மின்னவே இல்லை. நாலு தரம் ஓட்டிப் பார்த்துட்டேன்.

கோட்டையூரான் எழுதின மறுநாளே கானாடுகாத்தான் போயிட்டேன். அதேதான். மேலாளர் தங்கமான பையன், ஏணி போட்டுக் கழட்டிக் கையிலயே கொடுத்தான். முன்பக்கம் முழுக்கப் பித்தளை எண்கள். பன்னிரண்டையும் பசை வச்சு அழுத்தி ஒட்டியிருக்காங்க. முதல் பக்கம் போச்சு. அதை எடுத்தா பூச்சும் சேர்ந்து வந்துரும்.

அப்புறம் திருப்பினேன். சுவத்தைப் பார்த்து இருந்த பக்கம், ரெண்டாம் பக்கம். மிஷின் நடு வட்டத்தோட நின்னுபோச்சு, படம் இருக்கிற இடத்தைத் தொடவே இல்லை. வெளிச்சத்துல சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்த்தேன். தூசிதான். ஒரு கீறல் இல்லை.

வீட்டுக்காரவுக கோலாலம்பூர்ல இருக்காகளாம். பதிலுக்கு எங்க ஐயா காலத்துச் சாவிக் கடிகாரத்தைத் தர்றேன், இன்னும் மணி அடிக்குதுன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கேன். பையன் அதை மறுபடி ஆணியில மாட்டினப்போ மணி நாலேகால்.