பர்கண்டி அனுபவம்: பாதைக்கு மேலே ஒரு ஒயின், கீழே ஒரு ஒயின்

போன செப்டம்பர் கடைசியில் மூன்று நாள் பிரான்சின் ஒயின் பகுதியான பர்கண்டியில் இருந்தேன். அதுவரை பிரெஞ்சு ஒயின் என்றால் எனக்கு போர்தோ மட்டும்தான். கடையில் பர்கண்டி பாட்டிலை எடுத்துப் பார்ப்பேன். ஊர்ப் பெயர் இருக்கும், நிலத்தின் பெயர் இருக்கும், என்ன திராட்சை என்று மட்டும் இருக்காது. குழப்பமாக இருக்கிறதே என்று வைத்துவிடுவேன். அங்கே போனதும் விஷயம் புரிந்தது. சிவப்பு என்றால் பெரும்பாலும் பினோ நுவார், வெள்ளை என்றால் ஷார்டொனே. அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. எந்த நிலத்தில் விளைந்தது என்பதுதான் அங்கே பேச்சு.

போன் நகரத்தில் தங்கி, சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போமார், வோல்னே, மெர்சோ என்று தெற்கே போனேன். பாதை திராட்சை வரிசைகளுக்கு நடுவிலேயே போகிறது. வலது பக்கம் கிழக்கு பார்த்த சரிவு, காலை வெயில் நேராக விழுகிறது. சரிவின் உச்சியில் மண் மெலிசு. அடிவாரத்தில் களி அதிகம், ஈரம் நிற்கும். நடுவில்தான் சுண்ணாம்புக்கல்லும் களியும் பதமாகக் கலந்திருக்கின்றன. பெயர் பெற்ற நிலங்கள் பெரும்பாலும் அந்த நடுப்பட்டையில்தான்.

வோல்னேயில் முன்பே சொல்லிவைத்து ஒருவருடைய நிலவறைக்குப் போனேன். படி இறங்கியதும் சில்லென்று இருந்தது. 228 லிட்டர் ஓக் பீப்பாய்கள் வரிசையாகக் கிடந்தன. பீப்பாய்க்குள் கண்ணாடிக் குழாயை விட்டு, மேல் வாயைக் கட்டைவிரலால் அடைத்து எடுத்து, என் கோப்பையில் இரண்டு விரல் அளவு விட்டார். பாதைக்குக் கீழே உள்ள நிலமாம். செர்ரிப் பழ வாசனை, நல்ல சுவை, ஆனால் விழுங்கியதும் போய்விட்டது. அடுத்தது பாதைக்கு மேலே, பிரமியே க்ரூ நிலம், அதாவது உச்சத்துக்கு அடுத்த தரம். அதே வருடம், அதே திராட்சை, அதே கை. இது விழுங்கின பிறகும் நாக்கை விடவில்லை. மழை பெய்த மண் வாசனை மாதிரி ஒன்று கடைசிவரை நின்றது. இரண்டு நிலத்துக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதைதான்! கோப்பையில் மிச்சம் இருந்ததை வீணாக்காமல் பீப்பாயிலேயே திரும்ப ஊற்றினார். அவ்வளவு மதிப்பு.

மூன்றாம் நாள் வடக்கே, க்ளோ த வூஜோ. சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவிகள் மதில் எழுப்பிப் பயிர் செய்த தோட்டம், சுமார் 50 ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சியில் பறிமுதலாகி விற்கப்பட்டது. பிறகு விற்பனை, பாகப்பிரிவினை என்று துண்டாகி, இன்று சுமார் 80 பேரிடம் இருக்கிறது. சிலருக்குச் சில வரிசைகள்தான். மதிலுக்குள் மேட்டுப்பகுதி, தாழ்வுப்பகுதி எல்லாமே கிராங் க்ரூ, அதாவது உச்சத் தரம். அதனால் இங்கே லேபிளில் நிலத்தின் பெயரோடு, தயாரித்தவர் பெயரையும் பார்த்தே வாங்குங்கள். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நிறையப் பணம் மிச்சமாகியிருக்கும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் கிராங் க்ரூ பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே தயாரிப்பாளருடைய ஊர்ப் பெயர் பாட்டில் ஒன்று, பிரமியே க்ரூ ஒன்று, இரண்டும் ஒரே வருடத்தில் வாங்கி, நாலு பேர் சேர்ந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தாலும் நம் ஊர் அறைச்சூட்டில் வேண்டாம், 15 டிகிரி போல இருக்கட்டும். அப்புறம், விலை குறைந்ததை முதலில் திறங்கள்.