சின்ன ஆடியோ தயாரிப்பாளர் சந்தையில் எந்த இடத்தைப் பிடிப்பது?

சால்டர்மேசை:
இரண்டு வருடமாகத் தனியாளாக ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் செய்து விற்கிறேன், இதுவரை 40 போயிருக்கிறது. வாங்கியவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் புதிதாக விசாரிப்பவர் "இதில் அப்படி என்ன விசேஷம்?" என்று கேட்டால், ஒலி துல்லியமாக இருக்கும் என்பதைத் தாண்டி எனக்கு வாயில் எதுவும் வருவதில்லை. பெரிய தொழிற்சாலைகள் என் உதிரிபாகச் செலவை விடக் குறைந்த விலைக்கு, என்னுடையதை விடக் குறைந்த டிஸ்டார்ஷனோடு (ஒலிச் சிதைவோடு) விற்கின்றன. நான் எங்கே போய் நிற்பது?

ரிப்பன்மைக்:
துல்லியத்தில் அவர்களோடு மோதாதீர்கள், அது இன்றைக்கு மலிவான சிப்பிலேயே வந்துவிடுகிறது. யாருக்கு எங்கே கடுப்பாகிறது என்று பாருங்கள். க்ளவுட் மைக்ரோஃபோன்ஸ், மெல்லிய உலோகப் பட்டையால் ஒலியைப் பிடிக்கும் ரிப்பன் மைக் செய்கிற சின்ன நிறுவனம். ரிப்பன் மைக்கின் சிக்னல் பலவீனமானது என்பதால் க்ளவுட்லிஃப்டர் என்று ஒரு குட்டிப் பெட்டியும் செய்தார்கள். மிக்ஸர் மைக் வயர் வழியாகவே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரத்திலேயே (ஃபாண்டம் பவர்) ஓடும், சிக்னலை 25 டெசிபல் வரை ஏற்றிக் கொடுக்கும், ஒற்றைச் சேனல் பெட்டியில் திருக ஒரு குமிழ்கூடக் கிடையாது. அப்புறம் பாட்காஸ்ட் பேசுகிறவர்கள் எல்லாரும் ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்7பி மைக்கை வாங்கினார்கள். அதற்குச் சுமார் 60 டெசிபல் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) வேண்டும், மைக்கைக் கணினியோடு இணைக்கும் சின்ன இன்டர்ஃபேஸில் அவ்வளவு ஏற்றினால் உஸ்ஸென்று இரையும். அந்த இரைச்சலுக்கு மருந்தாகத்தான் பெட்டி விற்றது.

மாட்யூல்காரன்:
நல்ல உதாரணம்தான், ஆனால் பாதிக் கதை. 2023-இல் ஷூரே எஸ்எம்7டிபி என்று கொண்டுவந்து, 18 அல்லது 28 டெசிபல் ஏற்றும் சர்க்யூட்டை மைக்குக்குள்ளேயே வைத்துவிட்டது. ஒரே பெரிய நிறுவனத்தின் குறையை நம்பிக் கடை போட்டால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. நான் யூரோராக் பக்கம் இருக்கிறேன், அதாவது தனித்தனி மாட்யூல்களைச் சேர்த்து சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) அமைக்கும் முறை. டோப்ஃபர் என்ற ஜெர்மன் நிறுவனம் 1995-இல் ஏ-100 சிந்தசைசரைக் கொண்டுவந்தபோது வைத்த அளவுகளையே (128.5 மில்லிமீட்டர் உயரம், 3.5 மில்லிமீட்டர் ஜாக்) மற்றவர்களும் பின்பற்றியதால், என்னைப் போன்ற ஒருவன் கேஸ், பவர் சப்ளை பற்றிக் கவலைப்படாமல் ஒரே ஒரு ஃபில்டர் மாட்யூலை மட்டும் செய்து விற்க முடிகிறது. முழு சிந்தசைசர் செய்யப் போயிருந்தால் முதல் வருடமே முடிந்திருப்பேன். சரி, உங்கள் விஷயம். அந்த 40 பேர் எழுதியதைத் திரும்பப் படித்தீர்களா? ஆம்ப்ளிஃபையரைப் பற்றி அல்ல, எப்போது, எதற்காகப் போடுகிறார்கள் என்று எழுதியிருப்பதை.

சால்டர்மேசை:
நேற்று உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். 9 பேர் ஒரே விஷயத்தை வேறுவேறு மாதிரி சொல்லியிருக்கிறார்கள். குழந்தை தூங்கிய பிறகு, ராத்திரியில், மிகக் குறைந்த சத்தத்தில், காதுக்குள் செருகும் இன்-இயர் போட்டுக் கேட்கிறவர்கள். சாதாரண வால்யூம் கன்ட்ரோலில் (பொட்டென்ஷியோமீட்டர்) அடிமட்டத்தில் இடது வலது ஒத்துப்போகாது, பாட்டு ஒரு காதுப் பக்கம் சாய்ந்துவிடும். நான் பொட்டென்ஷியோமீட்டர் போடாமல் 24 படி ரோட்டரி ஸ்விட்சும் 1 சதவீத ரெசிஸ்டர்களும் போடுவதால் என்னுடையதில் சாயவில்லை. இதை நான் விளம்பரத்தில் ஒரு வரிகூட எழுதியதில்லை!

ரிப்பன்மைக்:
இதுதான் உங்கள் இடம். கெயினை 1-க்கு (அதாவது வோல்டேஜைப் பெருக்காமல்) இறக்கிவிடுங்கள், இன்-இயருக்கு அது தாராளம், பின்னணி இரைச்சலும் குறையும். அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியீட்டு மின்தடை) 1 ஓமுக்குக் கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற குட்டி ஸ்பீக்கர் வைத்த பல இன்-இயர்களில் ஒலியின் தன்மையே மாறும்.

சால்டர்மேசை:
இம்பீடன்ஸ் இப்போதே 0.5 ஓம்தான். கெயின் 4 இருக்கிறது, அடுத்த 10 பெட்டிகளில் 1 வைத்து, முதலில் அந்த 9 பேரில் இரண்டு பேருக்கு அனுப்பிப் பார்க்கிறேன்.